மாலைப் பொழுதின் ஆசிரியர்கள்

பகலெல்லாம் தம் தொழிலில் உழைத்தவர் மாலையில் வீடு திரும்பி இளைப்பாற விரும்புதல் இயற்கை. வழக்குமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞருக்கும், நோயாளரைக் கவனித்துக் களைத்த மருத்துவருக்கும், கணக்கேடுகளோடு போராடிய வங்கி அலுவலருக்கும் மாலைப் பொழுது கிடைத்தற்கரிய செல்வம் ஆகும். அச்செல்வத்தைத் தம் மனைவி மக்களுடனோ நண்பருடனோ செலவிடாமல், தம்மைப் போலவே பகலில் உழைத்துவிட்டு வரும் வளர்ந்த மாணவர்க்குக் கற்பிப்பதில் செலவிடுவோர் பலர் உளர். இவர்கள் ஆசிரியத் தொழிலையே நம்பி வாழ்பவர் அல்லர். இப்பணியால் பெரும்பொருள் ஈட்டவும் இயலாது. அங்ஙனமாயின், இவர்கள் இதனை விரும்பி மேற்கொள்வது எதன் பொருட்டு?

‘கொடை உள்ளத்தால்’ என்று விரைந்து விடை கூறிவிடலாம். அவ்விடை பொய்யன்று; ஆயினும் முழு உண்மையும் அன்று. முழு உண்மையை அறிய விரும்புவோர், இத்தகைய ஆசிரியர் பலர் தோன்றிய இங்கிலாந்து நாட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1799ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்ற ஜார்ஜ் பர்க்பெக் என்னும் இளைஞர், கிளாஸ்கோ நகரில் இருந்த ஆண்டர்சன் நிறுவனத்தில் அறிவியல் பேராசிரியராக அமர்ந்தார். விரிவுரைக்கு வேண்டிய கருவிகளைச் செய்வித்தற்பொருட்டு அவர் பட்டறைகளுக்குச் செல்வது வழக்கம். ஒரு பட்டறையில் நீரேற்றும் பொறி ஒன்றின் மாதிரி உருவாகிக்கொண்டிருந்தது. அங்கு வேலை செய்தோர் அதனைச் சூழ்ந்து நின்று, ‘இஃது யாது? எவ்வாறு இயங்கும்?’ என்று அவரை வினவினர். பொறியைச் செய்யும் கைகள் அவர்களுடையவை. அப்பொறி இயங்கும் காரணத்தை அறியும் வாய்ப்போ அவர்களுக்கு இல்லை. அவர்களின் அறிவு வேட்கை பர்க்பெக்கின் உள்ளத்தைத் தொட்டது. 1800ஆம் ஆண்டு முதல் அத்தகைய தொழிலாளர்க்கெனக் கட்டணம் இன்றி விரிவுரைகள் நிகழ்த்தத் தொடங்கினார்.

பின்னர் அவர் இலண்டனில் மருத்துவராய்ப் புகழ் பெற்றார். தொழிலில் உயர்ந்த பின்னும் பட்டறையில் கேட்ட வினாக்களை அவர் மறந்தாரல்லர். 1823ஆம் ஆண்டு கைவினைஞர்க்கென ஒரு கல்வி நிலையம் இலண்டனில் தோன்றியபோது அதற்குத் தலைமை தாங்கினார். அந்நிலையமே வளர்ந்து, அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியாகி, 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. பகலில் பணியாற்றி மாலையில் பயில்வோர்க்குப் பட்டம் அளிக்கும் கல்லூரி என்னும் சிறப்பு அதற்கு உண்டு.

பர்க்பெக் விதைத்த விதை வேறிடங்களிலும் முளைத்தது. அவற்றுள் தனிச்சிறப்பு வாய்ந்தது, 1854ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பெற்ற உழைப்பாளர் கல்லூரி. அக்காலத்தில் தச்சர், தையற்காரர், அச்சுக்கோப்போர், கடிகாரம் செய்வோர் முதலியோருட் பெரும்பாலார் இளமையிலேயே பள்ளியை விட்டுத் தொழிலிற் புகுந்தவர். இங்கிலாந்தில் சிறுவர் அனைவர்க்கும் தொடக்கப்பள்ளி கிடைக்க வழிசெய்த சட்டமே 1870ஆம் ஆண்டில்தான் பிறந்தது. ஆதலின் பல்கலைக்கழகக் கல்வி உழைப்பாளர்க்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

உழைப்பாளர் கல்லூரியை நிறுவியவர் பிரெடெரிக் டெனிசன் மாரிஸ் என்னும் அறிஞர். அவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராய் இருந்தவர். சமயக் கருத்துகள் பற்றி அவர் எழுதிய நூல் ஒன்று கல்லூரி ஆட்சியாளர்க்கு உடன்பாடாகவில்லை. அதனால் 1853ஆம் ஆண்டில் அவர் பதவியை இழந்தார். பதவி போன பின்னர் அவரைத் தேடி வந்து ஆறுதல் கூறியோருள் உழைப்பாளரும் இருந்தனர். ‘எங்களுக்கென ஒரு கல்லூரி அமைந்து, அதற்குத் தாங்கள் தலைவராதல் வேண்டும்’ என்பது அவர்கள் தெரிவித்த விருப்பம். அறிஞர் சிலர் மூடிய கதவிற்கு மாற்றாகத் தொழிலாளர் வேறொரு கதவைத் திறந்தனர் எனலாம். மறு ஆண்டே அக்கல்லூரி மலர்ந்தது.

மாரிஸ் அதற்கு முன்னரே ‘லிங்கன்ஸ் இன்’ என்னும் வழக்கறிஞர் கழகத்தில் சமயப் பணியாற்றி வந்தார். அதனால் இளம் வழக்கறிஞர் பலர் அவர்பால் அன்பு பூண்டிருந்தனர். அவர்களும் ஓவியர் முதலிய பிறருமே புதிய கல்லூரியின் ஆசிரியர்களாயினர். தொடக்கத்தில் இவர்கள் ஊதியம் பெறவில்லை. மாணவரோ சிறு கட்டணம் செலுத்தினர். தாம் இரந்து பெறுவதாகக் கருதாமல், உரிமையோடு வந்து கற்க அக்கட்டணம் துணைசெய்தது. ‘கல்லூரி’ என்னும் பெயரிலும் ஒரு கருத்து இருந்தது. கற்பிப்போரும் கற்போரும் ஒரு குடும்பம்போற் கூடி வாழும் இடம் என்பதே அப்பெயரால் மாரிஸ் கொண்ட பொருள்.

அவ்வாசிரியர்கள் எத்தகையோர் என்பதைக் காண்போம். ஜான் மால்கம் லட்லோ என்னும் வழக்கறிஞர் 1821ஆம் ஆண்டில் நடு இந்தியாவின் நீமச் என்னும் ஊரிற் பிறந்தவர். 1857ஆம் ஆண்டில் இந்தியாவில் பெரும் எழுச்சி தோன்றியபோது, இலண்டன் மக்கள் செய்தித்தாள்களில் வந்த செய்திகளையே அறிந்திருந்தனர். லட்லோ இந்திய நாட்டின் மக்களையும் வரலாற்றையும் பற்றி உழைப்பாளர் கல்லூரி மாணவர்க்குத் தொடர்ந்து விரிவுரை ஆற்றினார். அவ்வுரைகள் 1858ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தன. தச்சரும் தையற்காரரும் கேட்ட உரையே நூலாயிற்று என்பது நினைக்கத்தக்கது.

தாமஸ் ஹியூஸ் என்பவரும் வழக்கறிஞரே. பள்ளி மாணவர் வாழ்வைச் சித்திரிக்கும் கதை ஒன்றை 1857ஆம் ஆண்டில் எழுதிப் பெரும்புகழ் எய்தியவர். அவர் தம் மாணவரை உற்று நோக்கினார். நாள் முழுதும் குனிந்து வேலை செய்து அவர்கள் தோள் கூனியிருந்தது; மார்பு ஒடுங்கியிருந்தது. இலக்கணப் பிழையைத் திருத்துதல் போலவே இவ்வுடற்குறையைத் திருத்துதலும் கல்வியே என அவர் கருதினார். குத்துச்சண்டைப் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். மாணவர்க்குத் தேவையானது யாது என அறிந்து கொடுப்பவனே ஆசிரியன் என்பதற்கு இது சான்றாகும்.

ஜான் வெஸ்ட்லேக் என்னும் சட்ட அறிஞர் கணிதம் கற்பித்தார். பிரெடெரிக் ஜேம்ஸ் பர்னிவால் ஆங்கில இலக்கணம் கற்பித்தார். விடுமுறை நாட்களில் மாணவரை அழைத்துக்கொண்டு ஊர்ப்புறங்களில் நெடுந்தொலைவு நடந்து மகிழ்ந்தார். பழைய ஆங்கில நூல்களைத் தேடிப் பதிப்பிக்க 1864ஆம் ஆண்டில் ஒரு கழகம் கண்டவர் இவரே. லிச்பீல்டு என்னும் வழக்கறிஞர் பகலில் அலுவலகப் பணி பார்த்து, மாலையில் இசை வகுப்பு நடத்தினார். வாழ்நாளின் பெரும்பகுதியை இக்கல்லூரியோடு பிணைத்துக்கொண்டார்.

ஓவியம் கற்பிக்க வந்தவருள் தலைசிறந்தவர் ஜான் ரஸ்கின். இவர் பின்னாளில் எழுதிய நூல் ஒன்றையே காந்தியடிகள் 1904ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் இரயிற்பயணத்தின்போது படித்து, தம் வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டார். அந்நூலைச் ‘சர்வோதயம்’ என்னும் பெயரால் குஜராத்தி மொழியிலும் தந்தார். செல்வக் குடும்பத்திற் பிறந்து, கலை பற்றிய நூல்களால் முன்னரே புகழ் பெற்றிருந்த ரஸ்கின், 1854 முதல் 1858 வரை உழைப்பாளர் கல்லூரிக்கு வந்து பாடம் நடத்தினார். அதன் பின்னரும் சிறிது காலம் வந்தார். பறவையின் இறகு, செடியின் கிளை, கல், தம் வீட்டில் போற்றி வைத்திருந்த அரிய ஓவியங்கள் ஆகியவற்றைக் கொண்டுவந்து மாணவர் முன் வைப்பார். ஒளி படும் ஒரு வெண்ணிறப் பந்தை வரைவதே முதற்பாடம். அதன் ஒருபுறம் வெளிச்சமும் மறுபுறம் நிழலும் எவ்வாறு மெல்ல மெல்லக் கலக்கின்றன என்பதைக் கண்டு வரைதல் வேண்டும். மாறாக, அதே கல்லூரியில் கற்பித்த ஓவியர் ராசெட்டி, மாணவர் கையில் தொடக்கத்திலேயே வண்ணங்களைக் கொடுத்து மனித உருவத்தைத் தீட்டச் செய்தார். இருவர் முறையும் வேறு. இருவர் ஆர்வமும் ஒன்றே.

தச்சரை ஓவியராக்குதல் ரஸ்கினின் நோக்கமன்று. தச்சராக இருந்துகொண்டே அவர் உலகின் அழகைக் கண்டு மகிழ்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆயினும் அவர் வகுப்பில் பயின்ற ஜார்ஜ் ஆலன் என்னும் தச்சர் செதுக்கோவியக் கலையில் வல்லவராகி, ரஸ்கினுக்கே உதவியாளராயினார். 1871ஆம் ஆண்டில் ரஸ்கினின் நூல்களை வெளியிடும் பதிப்பாளருமாயினார். அவர் தொடங்கிய பதிப்பகம் பிற்காலத்தில் ‘ஜார்ஜ் ஆலன் அண்டு அன்வின்’ என்னும் பெயருடன் விளங்கியது. டாக்டர் இராதாகிருஷ்ணன் இயற்றிய இந்தியத் தத்துவ நூலின் இரு தொகுதிகளையும் 1923ஆம் ஆண்டிலும் 1927ஆம் ஆண்டிலும் வெளியிட்டது அப்பதிப்பகமே. ஒரு மாலை வகுப்பில் தச்சர் ஒருவர் பெற்ற கல்வி எத்துணைத் தொலைவு பயன் விளைத்தது என்பதை இது காட்டும்.

மாணவருள் வில்லியம் ரொசிட்டர் என்பவர் பயணப்பெட்டி செய்யும் தொழிலாளி. கற்றவர், பின்னர்க் கற்பிப்பவரானார். அவ்வளவில் நில்லாது, 1868ஆம் ஆண்டில் தென்னிலண்டனில் மற்றோர் உழைப்பாளர் கல்லூரியைத் தோற்றுவித்தார். அறிவியல் அறிஞர் ஹக்ஸ்லி அதன் தலைவராக இருக்க இசைந்தார். பெட்டி செய்பவர் நிறுவிய கல்லூரிக்குப் பேரறிஞர் தலைவரானது கல்வி ஒன்றினாலேயே இயல்வதாகும்.

இவற்றைப் படிப்போர், அம்மாலை வகுப்புகள் இன்னல் ஏதுமின்றி நடந்தன என்று கருதுதல் கூடாது. நாள் முழுதும் நின்று வேலை செய்தவர்க்குப் பாடத்தின் நடுவே உறக்கம் வருதல் இயல்பு. வேலை மிகுந்த நாளில் மாணவர் வர இயலாது. வழக்கு நீண்ட நாளில் ஆசிரியரும் வர இயலாது. தொடங்கியோர் அனைவரும் இறுதிவரை நிலைத்தாரல்லர். ரஸ்கின் போன்றோரும் சில ஆண்டுகளுக்குப்பின் வேறு பணிகளை நோக்கிச் சென்றனர். இவற்றினும் பெரிய தடை ஒன்று உண்டு. ‘யாம் கொடுப்போர், நீவிர் பெறுவோர்’ என்னும் எண்ணம் ஆசிரியர் முகத்தில் சிறிது தோன்றினும் வளர்ந்த மாணவர் அதனை உடனே அறிந்துகொள்வர். சிறுவர் ஆசிரியர்க்கு அஞ்சி அமர்ந்திருப்பர். வளர்ந்தவரோ, பயனில்லை எனக் கண்டால் மறுநாள் வாரார். அவர்களைப் பிணிக்கும் கயிறு அச்சமன்று, அறிவும் அன்புமே.

இத்தகைய மாணவர் முன் நிற்பவர் தம்மையே சோதித்துக்கொள்ள நேர்கின்றது. ஆசிரியர் ‘இஃது இவ்வாறு’ என்றால், ‘ஏன் அவ்வாறு?’ என வளர்ந்த மாணவர் வினவுவர். தம் தொழிலிற் கண்டதை எடுத்துக்காட்டி மறுக்கவும் செய்வர். பலகாலமாகத் தாம் தெரிந்திருப்பதாக எண்ணியவற்றுள் எவை தெளிந்த அறிவு, எவை வெறும் பழக்கம் என்பதை அப்போதுதான் ஆசிரியர் உணர்வார். ரஸ்கின் 1857ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓவியப் பயிற்சி நூல், இக்கல்லூரியில் அவர் கற்பித்த அனுபவத்திலிருந்து எழுந்ததாகும். தொழிலாளர்க்குச் சொல்லித்தர முயன்றதனால், தம் கலையின் அடிப்படைகளை அவர் ஒழுங்குபடுத்த நேர்ந்தது.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், கல்வி நிரம்பும் முறையை அளவிட்டே காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு மனத்துட் கொண்டாலும் ஒருவன் பெறுவது புலமையின் கால் பங்கேயாம். உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு கால் பங்கு வாய்க்கும். எஞ்சிய அரைப் பங்கும், கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதே கைகூடும். பட்டம் பெற்றுத் தொழிலில் தேர்ந்தவனும் இக்கணக்கின்படி பாதி வழியே நடந்தவன் ஆவான். மறு பாதி அவன் மாணவரிடம் இருக்கின்றது.

இருபதாம் நூற்றாண்டு வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1908ஆம் ஆண்டில் ஆர். எச். டானி என்னும் பொருளியல் அறிஞர், பல்கலைக்கழகமும் தொழிலாளர் கல்விக் கழகமும் இணைந்து நடத்திய வகுப்புகளுக்கு ஆசிரியரானார். கல்வியே அவர் தொழில். ஆயினும் அவர் மாணவருட் பலர் தொழிலாளரே. வெள்ளிக்கிழமை மாலையில் மண்கலத் தொழில் நடைபெறும் லாங்டன் நகரிலும், மறுநாள் பஞ்சாலை நகரமாகிய ராச்டேலிலும் பாடம் நடக்கும். ஒரு மணி நேரம் ஆசிரியர் உரை. அடுத்த ஒரு மணி நேரம் உரையாடல். மாணவர் மூன்றாண்டு தொடர்ந்து வருவதாக ஒப்புக்கொண்டு, குறித்த காலந்தோறும் கட்டுரையும் எழுதுதல் வேண்டும். 1912ஆம் ஆண்டில் டானி, பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலவுரிமை பற்றிய தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். அதன் முன்னுரையில், நெசவாளர், குயவர், சுரங்கத் தொழிலாளர், பொறித் தொழிலாளர் ஆகிய தம் மாணவரிடம் தாம் கற்றதை நன்றியோடு குறிப்பிட்டுள்ளார். ஆராய்ச்சி நூலின் வாயிலில் மாணவர்க்கு ஆசிரியர் செலுத்திய வணக்கம் அது.

கவிஞர் டி. எஸ். எலியட்டின் வாழ்க்கை இதனினும் வியப்புத் தருவது. 1916ஆம் ஆண்டில், இலண்டன் பல்கலைக்கழகத்தின் சார்பில் சௌதால் என்னும் ஊரில், வளர்ந்தோர்க்கு ஆங்கில இலக்கிய வகுப்பு ஒன்றை அவர் தொடங்கினார். 1917ஆம் ஆண்டில் வங்கி ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். பகலில் வெளிநாட்டுக் கணக்குகள்; மாலையில் இலக்கியம். மாணவருட் பலர் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள். நாளெல்லாம் சிறுவர்க்குக் கற்பித்துக் களைத்தவர்கள், மாலையில் தாமே மாணவராய் வந்து அமர்ந்தனர். அவர்கள் ஆர்வத்தை எலியட் தம் கடிதங்களிற் பாராட்டியுள்ளார். அவ்வகுப்பால் வந்த சிறு வருவாய் அவருக்குத் தேவையாகவும் இருந்தது; இதனை மறைத்தல் வேண்டா. தேவைக்காகத் தொடங்கும் பணியும் உள்ளத்தை வளர்க்கும் பணியாகலாம். 1918–19இல் அவ்வகுப்பில் எலிசபெத் அரசி காலத்து இலக்கியத்தை அவர் கற்பித்தார். அதனை அடுத்து 1920ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திறனாய்வுக் கட்டுரைத் தொகுப்பில் அக்கால நாடக ஆசிரியர்களைப் பற்றிய கட்டுரைகள் இடம் பெற்றன. 1948ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற அப்பெருங்கவிஞர், களைத்து வந்த ஆசிரியைகள்முன் பேசிப் பேசித் தம் புலமையைத் தீட்டிக்கொண்டவர் என்பதை மறத்தலாகாது.

இவ்வரலாறுகளால் அறியத்தக்க கருத்துகள் சில. தொழிலில் தேர்ந்தோர் கற்பிக்க முன்வருவதற்குக் காரணம் ஒன்றன்று. தமக்குக் கிடைத்த வாய்ப்புப் பிறர்க்குக் கிடைக்கவில்லையே என்னும் இரக்கம் ஒன்று. வினவும் மாணவரால் தம் அறிவு தெளிவுறும் என்னும் விருப்பம் மற்றொன்று. தொழில் உலகில் மேலோர், கீழோர் எனப் பிரிந்து நிற்பவர், பாடம் நிகழும் அறையில் ஒருவரையொருவர் மனிதராய்க் கண்டு பழகும் இன்பம் பிறிதொன்று. வருவாய் தேடி வருவோரும் உளர். எக்காரணத்தால் வந்தாரேனும், நிலைத்து நின்றோர் தாம் கொடுத்ததினும் மிகுதியாகப் பெற்றவராகவே விளங்கினர்.

1854ஆம் ஆண்டில் தோன்றிய உழைப்பாளர் கல்லூரி, 1905ஆம் ஆண்டு முதல் இலண்டன் கிரவுண்டேல் சாலையிலுள்ள கட்டடத்தில் நடந்து வருகின்றது. தொடக்கத்தில் ஆடவர்க்கே உரியதாயிருந்த அது, பிற்காலத்தில் மகளிர்க்கும் உரியதாயிற்று. இன்று எந்நாட்டிலும் மாலைக் கல்லூரியின் விளக்கொளியில் ஒரு பொறியாளரோ, மருத்துவரோ, கணக்காயரோ சுண்ணக்கட்டியைக் கையில் எடுக்கும்போது, பட்டறையில் பர்க்பெக்கைச் சூழ்ந்து நின்ற தொழிலாளரின் வினாவே மீண்டும் எழுகின்றது: ‘இஃது எவ்வாறு இயங்கும்?’ அவ்வினாவிற்கு விடை கூறப் புகுந்தவர், பாடம் முடிந்து விளக்கணைத்துப் புறப்படும்போது, வந்தபோது இருந்ததினும் சற்று மிகுதியாகக் கற்றவராகவே வீடு திரும்புகின்றார்.